ஆய்வுக் கண்காட்சிக்குப் போஸ்டர் அச்சு: சென்னைக் கடைகள் எப்படி?

பல்கலைக்கழக ஆய்வுக் கண்காட்சி என்றால் எல்லாத் துறை ஆய்வு மாணவர்களும் தங்கள் ஆய்வைச் சுருக்கி அச்சிட்ட போஸ்டரோடு ஒரே கூடத்தில் நிற்பார்கள். ஓலைச்சுவடி படிப்பவர், பக்கத்தில் எண்ணூர்க் கழிமுகச் சேற்றில் உலோகம் அளப்பவர், அடுத்த பலகையில் திசுப் படங்களோடு மருத்துவ ஆய்வாளர். துறைதான் வேறு வேறு. முந்தின நாள் ராத்திரி எல்லாரும் போய் நிற்பது ஒரே மாதிரிக் கடையில்தான். நெறியாளர் கடைசித் திருத்தத்தைச் சொல்லி முடிக்கும்போது மணி ஏழு ஆகியிருக்கும். அந்த நேரத்தில் கண்ணில் படுவது ஃபிளெக்ஸ் கடை. காதணி விழா பேனருக்கும் கண்ணீர் அஞ்சலி பேனருக்கும் நடுவில், பல வருட ஆராய்ச்சி ஓடி வெளியே வரும்.

ஏ0 அளவுப் போஸ்டருக்கு (841 × 1189 மில்லிமீட்டர்) சென்னையில் கிடைக்கும் வழிகளை எடை போட்டால் முதலிடம் இங்க்ஜெட் பிளாட்டரில் (அகலமான ரோல் தாளில் அடிக்கும் மெஷின்), 170 முதல் 220 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரையுள்ள மேட் கோட்டட், அதாவது பூச்சு உள்ள, பளபளக்காத தாளில் எடுப்பதற்கு. படம் நிறைந்த ஆய்வுகளுக்கு சாட்டின் ஃபோட்டோ பேப்பர். வெளியூர் போக வேண்டியிருந்தால் துணி. அவசரத்துக்கு மேட் வினைல் (பின்னால் பசையுள்ள பிளாஸ்டிக் படலம்). ஃபிளெக்ஸ் கடைசி, அதுவும் வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும். விலை கடைக்குக் கடை, சீசனுக்குச் சீசன் மாறுவதால் ரூபாய்க் கணக்குக்குள் போகவில்லை. பொதுவாக ஃபிளெக்ஸ் மலிவு, வினைல் அதற்கு மேல், ஃபோட்டோ பேப்பரும் துணியும் அதற்கும் மேல்.

ஃபிளெக்ஸை ஏன் தள்ளுகிறோம்? அது ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பதற்கான சரக்கு. பாலியஸ்டர் வலையின் மேல் பிவிசி பூச்சு, அதன் மேல் சால்வன்ட் இங்க். கடையில் வேகத்துக்காகக் குறைந்த பாஸில் ஓட்டுவார்கள், அதாவது அச்சுத்தலை ஒரே இடத்தின் மேல் சில தடவை மட்டுமே போய்வரும். ஒரு மீட்டர் தூரத்தில் நின்று படிக்கிறவருக்கு எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும், வரைபடத்தின் மெல்லிய கோடு விட்டுவிட்டுத் தெரியும். இங்க் வரும் துளையான நாசில் அடைத்திருந்தால் குறுக்கே வெள்ளை வரி விழும். பேனரில் அதை யாரும் பார்ப்பதில்லை, திசுப் படத்தில் அது ஒரு நோய்க்குறி மாதிரி நிற்கும். புதிதாக அடித்த ஃபிளெக்ஸ் ஏசி கூடத்தில் இங்க் வாடையும் அடிக்கும். எடை இன்னொரு தொந்தரவு. ஏ0 தாளின் பரப்பு சரியாக ஒரு சதுர மீட்டர், அதனால் 170 ஜிஎஸ்எம் தாள் என்றால் போஸ்டரின் எடை 170 கிராம்தான். ஃபிளெக்ஸ் பொதுவாக அதைவிடக் கனம். டபுள் சைடு டேப்பில் காலையில் ஒட்டினால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேல் மூலை தொங்கும்.

இதையெல்லாம் விடப் பெரிய சிக்கல் அளவு. ஃபிளெக்ஸ் கடை அடிக்கணக்கில் பேசும் உலகம். "எத்தனைக்கு எத்தனை?" என்பதுதான் முதல் கேள்வி. ஏ0 என்றால் 2.76 அடிக்கு 3.9 அடி. மெஷின்காரர் அதை "மூணுக்கு நாலு, ஃபிட் பண்ணிடலாம் சார்" என்பார். ஃபிட் பண்ணினால் உயரத்தை விட அகலம் சுமார் ஆறு சதவீதம் கூடுதலாக இழுபடும். வட்டமான செல் நீள்வட்டம் ஆகும், பல்கலைக்கழக முத்திரை உப்பும். பார்க்கிறவருக்கு ஏதோ சரியில்லை என்று தெரியும், என்னவென்று சொல்ல வராது. "மூணுக்கு நாலு ரேட்டே போட்டுக்கோங்க, ஃபைல் சைஸை மாத்தாதீங்க, மிச்சத்தை வெட்டிடுங்க" என்று சொல்லிவிடுங்கள். காசு 12 சதுர அடிக்குப் போகும், போஸ்டர் 10.76 சதுர அடியில் ஒழுங்காக வரும்.

அதே கடையில் ஈகோ சால்வன்ட் மெஷின் (வாடை குறைந்த சால்வன்ட் இங்கில் நுணுக்கமாக அடிப்பது) இருந்தால் கதை வேறு. மேட் வினைலில் உயர்ந்த பாஸில் ஓட்டச் சொன்னால் எழுத்து கூராக வரும், 24 பாயின்ட் அளவுக்குச் சின்ன எழுத்தைக்கூடத் தாராளமாகப் படிக்கலாம். பின்பக்கத் தாளை உரிக்காமலேயே மாட்டுங்கள். அந்தத் தாள் ஈரக்காற்றை உறிஞ்சி ஓரங்களைச் சுருட்டும், அது வினைலின் குறை. சிலர் வினைலை சன்போர்டில் (எடை குறைந்த நுரைப் பலகை) ஒட்டித் தருகிறேன் என்பார்கள். பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் நாலடிப் பலகையோடு ஷேர் ஆட்டோவிலும் ஏற முடியாது, பறக்கும் ரயிலிலும் நிம்மதியாக நிற்க முடியாது. கடையும் கூடமும் ஒரே தெருவில் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

அடுத்தது கட்டட பிளான் பிரிண்ட் எடுக்கும் கடை. ஆர்க்கிடெக்டுகளும் சிவில் மாணவர்களும் போகிற இடம். இந்தக் கடைகளை அதிகம் பேர் கண்டுகொள்வதில்லை, ஆனால் ஏ0 என்ற சொல்லை விளக்காமலே புரிந்துகொள்கிற கடை இதுதான். 36 அங்குல, 44 அங்குல பிளாட்டர் இருக்கும், பிடிஎஃப்பை நேராக மெஷினுக்கு அனுப்புவார்கள், அளவு மில்லிமீட்டர் பிசகாது. சமன்பாடும் கோட்டு வரைபடமும் நிறைந்த கணிதம், இயற்பியல், கட்டமைப்புப் பொறியியல் போஸ்டர்களுக்கு இதை விட நல்ல இடம் இல்லை. கவனிக்க வேண்டியது தாள். வழக்கமாக மாட்டியிருப்பது 80 அல்லது 90 ஜிஎஸ்எம் பாண்ட் ரோல், அதாவது பூச்சில்லாத சாதாரணத் தாள். அதில் கருநீலப் பின்னணி போட்டால் தாள் இங்கைக் குடித்து அலை அலையாக நெளியும். "கோட்டட் ரோல் இருக்கா, எத்தனை ஜிஎஸ்எம்?" என்று போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள். இல்லை என்றால் பின்னணியை வெள்ளையாக மாற்றிவிட்டுப் போங்கள்.

டிஜிட்டல் பிரஸ்களைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. விசிட்டிங் கார்டும் அழைப்பிதழும் அத்தனை அழகாக வருகிறதே, போஸ்டரும் அங்கேயே எடுக்கலாம் என்று போவார்கள். அந்த மெஷினுக்குள் போகும் தாள் 13 × 19 அங்குலம். ஏ0-வை வாங்கி வைத்துக்கொண்டு வேறு கடைக்கு அனுப்பித்தான் தருவார்கள், நடுவில் யார் ஃபைலைத் தொட்டார்கள் என்று தெரியாது. கையில் கொடுக்கும் ஏ4 சுருக்கத் தாளுக்கு மட்டும் இங்கே வாருங்கள். அதில் இவர்களை அடிக்க ஆள் இல்லை.

ஃபோட்டோ பேப்பர் எடுக்கும் லேப்கள் படத்துக்கென்றே வாழ்பவை. இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த திசுப் படம், கறுப்புப் பின்னணியில் ஒளிரும் செல், சுவடியின் பழுப்பு, எல்லாம் இங்கேதான் நிறம் பிடிக்கும். கிளாஸி வேண்டாம். கூடத்தின் டியூப்லைட் முழுதாக அதில் தெரியும், பார்வையாளர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படிப்பார். சாட்டின் அல்லது லஸ்டர் என்று கேளுங்கள். ஒளிரும் பச்சையும் திரையில் பார்க்கும் சுத்த நீலமும் எந்தக் கடையிலும் அப்படியே வராது. இங்கில் அந்த நிறமே கிடையாது, நீலம் கத்தரிப்பூ நிறத்துக்குச் சாயும். அதைக் கடைக்காரரோடு சண்டை போட்டுத் தீர்க்க முடியாது. மூன்று நிறத்தை ஒன்றாகக் கலந்து காட்டும் நுண்ணோக்கிப் படத்தைத் தனித்தனிச் சாம்பல் நிறப் படங்களாகவும் பக்கத்தில் வைத்தால் தப்பிக்கலாம்.

துணி, பாலியஸ்டரில் சப்ளிமேஷன் முறையில் அச்சாவது. முதலில் டிரான்ஸ்ஃபர் தாளில் அடித்து, சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்தி நிறத்தை இழைக்குள் ஏற்றுவார்கள். மடித்துப் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறலாம், அதற்காகவே இதை விரும்புகிறார்கள். எழுத்தின் ஓரம் சற்றுக் கரையும், சின்ன எழுத்து தாங்காது. மெல்லிய துணி என்றால் பின்னால் இருக்கும் பலகையின் நிறம் ஊடுருவித் தெரியும். ஒரே நாளில் தருவதாகச் சொல்லும் கடையை நம்பாமல் மூன்று நாள் முன்னாலேயே கொடுப்பது நல்லது.

இடம் என்று பார்த்தால் திருவல்லிக்கேணிக்குத்தான் எங்கள் ஓட்டு. எல்லிஸ் சாலையும் வாலாஜா சாலையும் அதைச் சுற்றிய சந்துகளும் அச்சு வேலைக்குப் பழகியவை. ஒரு கடையில் ரோல் தீர்ந்தால் நடக்கிற தூரத்தில் இன்னொன்று. சேப்பாக்கம் வளாகத்து மாணவர்களுக்கு அது கொல்லைப்புறம், கிண்டிப் பக்கத்தவர்கள் மெட்ரோவில் அரசினர் தோட்டம் இறங்கி நடக்கலாம். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் சில கடைகளில் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், ஞாயிறு நிச்சயமில்லை. தேர்தல் சமயத்திலும், நவம்பர் டிசம்பர் காலண்டர் சீசனிலும் ஒரு போஸ்டருக்காக மெஷினை நிறுத்த யாருக்கும் மனசு வராது. ஜிஎஸ்எம் என்பது கைக்குப் பிடிபட வேண்டுமானால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு நடை நடந்து 130, 170, 220, 300 தாள்களைத் தடவிப் பாருங்கள். அப்புறம் கவுன்டரில் உங்களை ஏமாற்ற முடியாது.

இனி ஃபைல். போஸ்டர் கெட்டுப்போவது பெரும்பாலும் தாளால் அல்ல, கடைக் கணினியில் ஃபைலைத் திறக்கிற அந்த ஐந்து நிமிடத்தால்தான்.

பவர்பாயின்டில் செய்பவர்கள் முதலிலேயே ஸ்லைடு அளவை 33.11 × 46.81 அங்குலமாக மாற்ற வேண்டும். 56 அங்குலம் வரை அது ஏற்கும், ஆகவே ஏ0 முழு அளவிலேயே செய்யலாம். வழக்கமான அகல ஸ்லைடில் செய்துவிட்டுப் பெரிதாக்கலாம் என்றால் மேலும் கீழும் வெள்ளைப் பட்டை விழும். அமைப்புகளில் படத்தைச் சுருக்க வேண்டாம் என்ற விருப்பத்தை டிக் செய்யுங்கள். வரைபடங்களைத் திரையிலிருந்து வெட்டி ஒட்டாதீர்கள். பைத்தானில் வரைபடம் போடும் மேட்பிளாட்லிப், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் 640 × 480 பிக்சலில்தான் படம் சேமிக்கும். அதைப் போஸ்டரில் 12 அங்குல அகலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 53 புள்ளிதான், வரைபட ஓரத்து எண்கள் கூழாகிவிடும். எஸ்விஜி அல்லது பிடிஎஃப் ஆக, அதாவது புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாகவே (வெக்டர்) சேமித்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர் குறையாது. இணையதளத்திலிருந்து இறக்கிய பல்கலைக்கழக லோகோவுக்கும் இதே கதிதான். அலுவலகத்தில் கேட்டால் வெக்டர் ஃபைல் கிடைக்கும், கேட்பதற்குத்தான் ஆளில்லை.

கடையில் பிடிஎஃப்பைக் கொடுத்ததும் நேராக பிரிண்ட் போகும் என்று நினைக்கக் கூடாது. பல கடைகளில் எல்லா ஃபைலும் கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளுக்குள் போய்த்தான் வெளியே வரும். உங்கள் ஃபான்ட் அந்தக் கணினியில் இருக்காது. கோரல் வேறொன்றை எடுத்துப் போட்டுக்கொள்ளும். தமிழ் யூனிகோடு என்றால் பழைய கோரலில் கொம்பும் காலும் பிரிந்து தனித்தனியாக நிற்கும், "கொ" என்பது மூன்று துண்டாகும். அந்தக் கடைகளின் தமிழ் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் ஓடுகிறது, யூனிகோடு அவர்களுக்கு அரைகுறைப் பழக்கம். அதைவிட ஆபத்து ஓசையில்லாமல் வருவது. ஆரிஜின் என்ற வரைபட மென்பொருளில் போட்ட பழைய வரைபடங்களில் கிரேக்க எழுத்துகள் சிம்பல் ஃபான்டில் இருக்கும். ஃபான்ட் மாறினால் மைக்ரோவின் "மியூ" சாதாரண ஆங்கில எம் ஆகிவிடும். மைக்ரோகிராம் என்பது மில்லிகிராம் ஆகும், அளவு ஆயிரம் மடங்கு ஏறிவிடும். எழுத்துப் பிழை மாதிரிக்கூடத் தெரியாது. நச்சியல் போஸ்டரில் இது நேர்ந்தால் மதிப்பீட்டாளர் முதல் கேள்வியிலேயே பிடித்துக்கொள்வார்.

இதற்கு வைத்தியம் உண்டு. கோரல் பிடிஎஃப்பைத் திறக்கும்போது எழுத்தை எழுத்தாக எடுக்கவா, கர்வாக (ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக) எடுக்கவா என்று ஒரு பெட்டி கேட்கும். "கர்வ்ல ஓபன் பண்ணுங்க" என்று சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். ஃபோட்டோஷாப்பில் திறக்கிறார் என்றால் அங்கே கேட்கும் ரெசல்யூஷன் கட்டத்தில் 72 இருந்தால் 200 ஆக்கச் சொல்லுங்கள். பென்டிரைவில் இன்னொரு பிரதியாக 200 டிபிஐ (அங்குலத்துக்கு 200 புள்ளி) ஜேபெக் ஒன்றும் வைத்திருங்கள், ஏ0-வுக்கு அது 6622 × 9362 பிக்சல். எல்லாம் கைவிட்டாலும் அதில் ஒரு எழுத்தும் நகராது. வாட்ஸ்அப்பில் கேட்டால் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருங்கிப் போகும்.

லேடெக் என்ற பக்க அமைப்பு மென்பொருளில் போஸ்டர் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிடிஎஃப்லேடெக்கில் தமிழ் யூனிகோடு ஒழுங்காக வராது. ஜீலேடெக் போங்கள், அல்லது லுவாலேடெக்கில் எழுத்துகளைக் கோத்து அமைக்கும் ஹார்ஃப்பஸ் ரெண்டரரைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கொம்பு இடம் மாறும். கல்வெட்டு, தொல்லெழுத்து ஆய்வாளர்களுக்கு இன்னும் கஷ்டம். பிராமிக்கு 2010-இலும், கிரந்தத்துக்கு 2014-இலும், பழைய தமிழ்ப் பின்னக் குறிகளுக்கு 2019-இலும்தான் யூனிகோடில் இடம் கிடைத்தது. கடைக் கணினியில் அவை எல்லாம் வெறும் கட்டமாக வரும். அந்த எழுத்துகளை மட்டும் முன்பே வெக்டர் படமாக மாற்றிவிடுவதுதான் நல்லது.

எழுத்து அளவைச் சோதிக்க ஏ4 தாள் போதும். ஏ0-வை ஏ4-இல் அடித்தால் சரியாக நாலில் ஒரு பங்கு. பத்திகளின் எழுத்து 32 பாயின்ட் என்றால் தாளில் 8 பாயின்டாகத் தெரியும். அதைக் கண்ணாடி இடுக்கிக்கொண்டு படிக்க வேண்டியிருந்தால் கூடத்தில் யாரும் படிக்க மாட்டார்கள். தமிழுக்கு வரி இடைவெளி கூடுதலாக வேண்டும். மேலே விசிறியும் கீழே சுழியும் உரசிக்கொள்ளும். தமிழ்ச் சொற்களும் நீளம், ஆங்கிலப் போஸ்டரை அதே கட்டத்துக்குள் தமிழாக்கி அடைக்கப் பார்த்தால் எழுத்தைச் சுருக்கத் தோன்றும். எழுத்தைத் தொடாதீர்கள், வாக்கியத்தை வெட்டுங்கள்.

முழுப் போஸ்டர் ஓடுவதற்கு முன் அசல் அளவில் ஓரடி அகலப் பட்டை ஒன்று அடித்துத் தரச் சொல்லிக் காசு கொடுங்கள். அந்தப் பட்டையில் மிகச் சின்ன எழுத்தும், ஒரு படமும், ஒரு மியூவும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். முகம் சுளிக்காமல் இதைச் செய்து தருகிற கடை நல்ல கடை. எங்கள் மதிப்பீட்டில் மெஷின் பிராண்டை விட இதற்குத்தான் மதிப்பு.

போஸ்டரைப் படுக்கையாகச் செய்வதா, நிமிர்த்தியா என்பதை அழகு முடிவு செய்யக் கூடாது, பலகைதான் முடிவு செய்ய வேண்டும். கண்காட்சி ஸ்டால்களில் போடும் அலுமினியச் சட்ட பேனல் ஒரு மீட்டர் அகலம், சட்டம் போக இன்னும் குறைவு. படுக்கை ஏ0 (118.9 சென்டிமீட்டர்) அதில் உட்காராது, பக்கத்து மாணவரின் இடத்தில் எட்டிப் பார்க்கும். துறைகளில் இருக்கும் நாலடிக்கு மூன்றடி சாஃப்ட் போர்டிலும் சட்டம் ஓரத்தைத் தின்றுவிடும். அறிவிப்பில் "ஏ0" என்று மட்டும் இருந்தால் ஏற்பாட்டாளரிடம் "உள் அகலம் எவ்வளவு, பின் குத்தலாமா, டேப் ஒட்டலாமா" என்று கேட்டுவிட்டுத்தான் முதல் பெட்டியை வரைய வேண்டும். ஸ்டேண்டீ (தானாக நிற்கும் பேனர்) கொண்டு வரச் சொன்னால் கீழே ஓரடியில் எதையும் எழுதாதீர்கள், அங்கே பார்க்கக் குனிகிறவர் யாருமில்லை.

லேமினேஷன் ஒரு நாள் கண்காட்சிக்குத் தேவையில்லை. ஒரு பக்கம் மட்டும் படலம் ஒட்டினால், மறுபக்கத் தாள் நம் ஊர்க் காற்றின் ஈரத்தைக் குடித்து விரியும், போஸ்டர் படலப் பக்கமாக, அதாவது பார்ப்பவரை நோக்கி, சுருளும். மழைக் காலம் என்றால் மட்டும் மேட் லேமினேஷன் போடலாம். டை இங்கில் (தண்ணீரில் கரையும் சாய இங்க்) அடித்த தாளில் ஒரு சொட்டு விழுந்தால் போதும், கறை பரவிவிடும். சால்வன்ட் இங்க் வினைல் என்றால் அச்சுக்கும் லேமினேஷனுக்கும் நடுவில் ஒரு நாள் காயவிட வேண்டும். உடனே போட்டுத் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள், உள்ளே மாட்டிக்கொண்ட ஆவி கொப்புளமாக எழும். சுருட்டும்போது அச்சு வெளிப்பக்கம் இருக்கட்டும். அப்போது மாட்டியதும் ஓரம் பலகைப் பக்கம் சாயும். எடுத்துப் போக டிராயிங் டியூப் வாங்கலாம். இல்லையென்றால் ஹார்டுவேர் கடையில் மூன்று அங்குல பிவிசி பைப்பை மூன்றடிக்கு வெட்டி, இரண்டு மூடி வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். ஏ0-வின் குறுகிய பக்கம் 84 சென்டிமீட்டர், உள்ளே சரியாக அடங்கும். நெரிசல் பேருந்தில் யார் சாய்ந்தாலும் நசுங்காது.

கிளம்புவதற்கு முன் பில். கன்டிஞ்சென்சி பணத்தில் (ஆய்வின் சில்லறைச் செலவுக்குத் தரும் தொகை) கணக்குக் காட்டுவதாக இருந்தால் ஜிஎஸ்டி எண், தேதி, உங்கள் துறையின் பெயர், "ஆய்வுப் போஸ்டர் அச்சு, ஏ0, 1" என்ற விவரம் எல்லாம் பில்லில் இருக்க வேண்டும். வழக்கம்போல "ஃபிளெக்ஸ் பேனர்" என்று எழுதி நீட்டுவார்கள், அங்கேயே மாற்றி வாங்குங்கள். தேதி நிகழ்ச்சிக்கு முந்தினதாக இருக்கட்டும். மறுநாள் போட்ட பில்லைக் கணக்குப் பிரிவு ஏற்காமல் போகலாம்.